இரண்டு கொடிகளுக்கு நடுவே: ஆஸ்திரேலியக் கடலில் இறங்கும் முன்

ஆஸ்திரேலியாவுக்குப் படிக்கவோ வேலைக்கோ வரும் நம்மவர்கள் முதல் கோடையிலேயே கடற்கரைக்குப் போய்விடுவார்கள். சிட்னியில் பஸ் பிடித்தால் போண்டாய், கப்பல் ஏறினால் மேன்லி. அங்கே மணலில் பாதி சிவப்பும் பாதி மஞ்சளுமாக இரண்டு கொடிகள் நட்டிருக்கும். அவற்றுக்கு நடுவே தண்ணீரில் ஒரே கூட்டம். நூறு மீட்டர் தள்ளிப் பார்த்தால் ஆளே இல்லை, அலையும் பெரிதாக இல்லை. குழந்தைகளையும் ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பா அம்மாவையும் அழைத்துக்கொண்டு அந்த அமைதியான பக்கம் போகலாமே என்றுதான் யாருக்கும் தோன்றும்.

அப்படிப் போகாதீர்கள் என்று சொல்லத்தான் இந்தக் கட்டுரை. கூட்டமாக இருக்கும் இடம் ஏன் பாதுகாப்பு, அமைதியாகக் கிடக்கும் தண்ணீர் ஏன் ஆபத்து என்று ஒருமுறை புரிந்துவிட்டால், பிறகு எந்தக் கடற்கரைக்குப் போனாலும் கண் தானாகவே சரியான இடத்தைத் தேடும்.

கரைக்கு வந்த தண்ணீர் எப்படித் திரும்பிப் போகிறது?

அலை உடையும்போது நுரை மட்டும் கரைக்கு வருவதில்லை, ஏராளமான தண்ணீரும் சேர்ந்தே வருகிறது. வந்த தண்ணீர் எப்படியாவது கடலுக்குத் திரும்பியாக வேண்டும். கரைக்குக் கொஞ்சம் உள்ளே, தண்ணீருக்கு அடியில் மணல் திட்டுகள் இருக்கும். அலைகள் அவற்றின் மேல்தான் உடையும். திட்டுக்கும் திட்டுக்கும் நடுவே ஆழமான பள்ளம் இருக்கும். மடையைத் திறந்ததும் ஏரித் தண்ணீர் எல்லாம் அந்த ஒரு வழியைத் தேடிப் பாய்வது போல, கரையில் சேர்ந்த தண்ணீர் அந்தப் பள்ளத்தின் வழியாகக் கடலை நோக்கி ஓடும். இதைத்தான் ரிப் என்கிறார்கள்.

ரிப் ஓடும் இடம் ஆழமானது. ஆழம் இருப்பதால் அங்கே அலை உடைவதில்லை. அலை உடையாததால் வெள்ளை நுரை இல்லை, இரைச்சல் இல்லை, மேற்பரப்பு சமமாகத் தெரியும். கடலைப் பழகாத கண்ணுக்கு அதுதான் குளிக்க ஏற்ற இடமாகத் தெரியும்.

கண்டுபிடிப்பது எப்படி? இருபுறமும் அலைகள் வெள்ளையாக உடைந்துகொண்டிருக்க, நடுவே ஒரு பட்டை மட்டும் உடையாமல் இருக்கிறதா என்று பாருங்கள். அந்தப் பட்டை பக்கத்துத் தண்ணீரைவிட அடர்ந்த நீலமாகவோ பச்சையாகவோ இருக்கும். சில சமயம் மேற்பரப்பில் சின்னச் சின்ன நெளிவுகள் தெரியும். கலங்கிய மணலும் நுரையும் கடலை நோக்கி நகர்ந்துகொண்டிருந்தால் சந்தேகமே வேண்டாம். மணலில் நின்று பார்ப்பதைவிடக் கொஞ்சம் உயரமான இடத்திலிருந்து பார்த்தால் இன்னும் தெளிவாகத் தெரியும். வந்ததும் தண்ணீருக்கு ஓடாமல் பத்து நிமிடம் நின்று கவனியுங்கள். அலைகள் கூட்டம் கூட்டமாக வரும், நடுவில் ஓய்வு விழும். அந்த ஓய்வில் வந்து நின்றவருக்குக் கடல் சாதுவாகத் தெரியும், அடுத்த சில நிமிடங்களில் பெரிய அலைகள் வந்து சேரும்.

ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். படத்தில் ரிப்பை அடையாளம் காண்பது எளிது, நேரில் காண்பது கடினம். பல ஆண்டு அலையாடியவர்களே தடுமாறுவது உண்டு. நாமே கண்டுபிடித்துக்கொள்ளலாம் என்று இறங்குவதற்கு இந்த அறிவு போதாது. கொடியின் மதிப்பு என்ன என்று புரிந்துகொள்ளப் போதும்.

எல்லா ரிப்பும் ஒரே இடத்தில் நிற்பதில்லை. மணல் திட்டு நகர்ந்தால் ரிப்பும் நகரும். பெரிய அலைகள் வந்த சமயம் திடீரென்று தோன்றிச் சில நிமிடங்களில் மறைபவையும் உண்டு. பாறை முனைகளை ஒட்டி ஓடுபவை மட்டும் பெரும்பாலும் நிரந்தரம். போண்டாய் கடற்கரையின் தெற்கு முனையில் அப்படி ஒன்று இருக்கிறது. ‘பேக்பேக்கர்ஸ் எக்ஸ்பிரஸ்’ என்று அதற்குப் பெயரே வைத்துவிட்டார்கள். பஸ்ஸை விட்டு இறங்கும் வெளியூர்க்காரர்கள் நேராக அந்தப் பக்கம் இறங்கி, நேராகக் கடலுக்குள் போய்விடுவார்கள் என்பதால் வந்த பெயர் அது. பக்கத்திலேயே இருக்கும் டமராமா சின்னஞ்சிறு கடற்கரைதான். ஆனாலும் ரிப் ஓடாத நாளே அரிது என்று சொல்லும் அளவுக்கு ஆபத்தானது.

வேகம் எவ்வளவு? சாதாரணமாக நொடிக்கு அரை மீட்டர் இருக்கலாம். சில சமயம் 2 மீட்டர் வரை போகும். ஒலிம்பிக்கில் 100 மீட்டர் நீந்துபவர்களின் வேகம் ஏறத்தாழ அவ்வளவுதான். அதை எதிர்த்து நீந்தி யாரும் ஜெயிக்க முடியாது. ஆஸ்திரேலியாவில் ஆண்டுதோறும் சராசரியாக 20க்கும் மேற்பட்டவர்கள் ரிப்பில் சிக்கி இறக்கிறார்கள். சுறாவுக்குப் பயப்படுபவர்கள் நிறைய. உண்மையில் சுறாவால் இறப்பவர்களைவிட ரிப்பில் இறப்பவர்கள் பல மடங்கு.

சிக்கிக்கொண்டால்

ரிப் யாரையும் அடியில் இழுப்பதில்லை. இது மிக முக்கியம். ‘கடல் உள்ளே இழுத்துக்கொண்டது’ என்று ஊரில் சொல்லிச் சொல்லியே வளர்ந்திருக்கிறோம். ரிப் மேற்பரப்பில் நம்மைக் கடலை நோக்கிக் கொண்டுபோகும், அவ்வளவுதான். அலை உடையும் பகுதியைத் தாண்டியதும் பொதுவாக அதன் வேகம் குறைந்துவிடும். சிட்னியின் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தில் ராப் பிராண்டர் என்ற கடற்கரை ஆய்வாளர் இருக்கிறார், ‘டாக்டர் ரிப்’ என்றே அழைக்கிறார்கள். தீங்கில்லாத ஊதாச் சாயத்தைத் தண்ணீரில் கொட்டி, அது எந்த வழியாக ஓடுகிறது என்று மக்களுக்குக் காட்டுவது அவருடைய வழக்கம். சாயம் சில சமயம் நேராக வெளியே போகும், சில சமயம் சுற்றி வளைந்து மறுபடியும் திட்டுப் பக்கமே வந்து சேரும்.

அப்படியானால் ஆட்கள் ஏன் இறக்கிறார்கள்? கரை கண்முன்னால் இருக்கிறது, ஆனால் கால் எட்டவில்லை, கரை விலகிக்கொண்டே போகிறது. பதற்றத்தில் முழு பலத்தோடு கரையை நோக்கி நேராக நீந்துகிறார்கள். நீரோட்டம் எதிரே வருகிறது. சில நிமிடங்களில் கையும் காலும் ஓய்ந்துவிடும். வாயில் தண்ணீர் போகும். களைப்புதான் மூழ்கடிக்கிறது.

அதனால் முதல் வேலை மிதப்பது. மல்லாந்து படுத்து, மூச்சை நிதானப்படுத்தி, தண்ணீர் கொண்டுபோகும் வழியில் போக விடுங்கள். ஒரு கையை உயரத் தூக்கி அசைத்துக் கூப்பிடுங்கள். உதவி வேண்டும் என்பதற்கு இந்த நாட்டில் எல்லாக் கடற்கரையிலும் அதுதான் சைகை. கொடிக்கு உள்ளே அல்லது பக்கத்தில் இருந்தால், கரையில் காவல் இருக்கும் லைஃப்சேவர்கள் அதற்குள்ளேயே உங்களைப் பார்த்திருப்பார்கள்.

நன்றாக நீந்தத் தெரிந்தவர், பலமும் இருக்கிறது என்றால் கரைக்கு இணையாக, வெள்ளை நுரை உடைந்துகொண்டிருக்கும் பக்கமாக நீந்தலாம். நுரை இருக்கும் இடத்தில் மணல் திட்டு இருக்கும், ஆழம் குறைவு, அலையே கரைப்பக்கம் தள்ளும். சுழன்று வரும் ரிப்பில் ஒரு பக்கம் நீந்தினால் எதிர்ப்பு இருக்கலாம். முன்னேறவில்லை என்று தெரிந்தால் விட்டுவிட்டு மறுபடியும் மிதக்க வேண்டும். பிடிவாதம் இங்கே உதவாது.

நமக்கென்று ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். கிணற்றில் குதித்து, குளத்தில் அக்கரை தொட்டு நீச்சல் பழகியவர்கள் நம்மில் நிறைய. அது நல்ல நீச்சல்தான். ஆனால் நிற்கும் தண்ணீரில் பழகிய உடம்புக்கு ஓடும் தண்ணீரும் முகத்தில் அறையும் அலையும் புதிது. நீச்சல் குளத்தில் 20 சுற்று போவேன் என்பவருக்கும் இதே கதைதான்.

கொடி என்பது என்ன?

சிவப்பு மஞ்சள் கொடிகளைப் பலரும் ஒரு எல்லைக்கோடு என்றே நினைக்கிறார்கள். அது நிரந்தரமான எல்லை அல்ல. காலையில் வந்ததும் லைஃப்சேவர்கள் கடலைப் பார்த்து, ரிப் எங்கே ஓடுகிறது, திட்டு எங்கே இருக்கிறது, அலை எந்தப் பக்கம் தள்ளுகிறது என்று கணித்து, அன்றைக்கு இருப்பதில் குறைந்த ஆபத்துள்ள இடத்தில் கொடி நடுகிறார்கள். கடல்நீர் வற்றி நீரோட்டம் மாறினால் மதியம் கொடியும் இடம் மாறும். போன வாரம் இங்கேதானே குளித்தோம் என்ற கணக்கு செல்லாது.

அதைவிட முக்கியமான அர்த்தம் வேறு. கொடிகளுக்கு நடுவே உள்ள தண்ணீரை ஒருவர் பார்த்துக்கொண்டே இருக்கிறார். கண் எடுக்காமல் பார்ப்பதுதான் அவர் வேலை. கொடிக்கு உள்ளேயும் அலை உருட்டும், கால் இடறும். ஆனால் உங்களுக்கு ஏதாவது ஆனால் சில நொடிகளில் ஒருவருக்குத் தெரியும். கொடியின் முழு மதிப்பும் இதில்தான் இருக்கிறது என்பது என் எண்ணம்.

தண்ணீரில் இருக்கும்போது அலை உங்களைப் பக்கவாட்டில் நகர்த்திக்கொண்டே போகும், உணரவே மாட்டீர்கள். அவ்வப்போது தலையைத் திருப்பி இரண்டு கொடிகளும் எங்கே என்று பார்க்கும் பழக்கம் வேண்டும். விசில் சத்தமோ ஒலிபெருக்கியோ கேட்டால், யாரையோ திட்டுகிறார்கள் என்று இருந்துவிடாதீர்கள். அவர்கள் வேலையில் பெரும்பகுதி காப்பாற்றுவது அல்ல, காப்பாற்றும் நிலை வராமல் தடுப்பதுதான்.

வேறு கொடிகளும் உண்டு. முழுச் சிவப்பு என்றால் இறங்கவே கூடாது. முழு மஞ்சள் என்றால் கவனம் தேவை. சிவப்பும் வெள்ளையுமாக நான்கு கட்டம் போட்ட கொடி வந்தால் எல்லோரும் உடனே வெளியே வர வேண்டும். கறுப்பு வெள்ளைக் கட்டம் அலைப்பலகை ஓட்டுபவர்களுக்கான எல்லை, அந்தப் பக்கம் குளிப்பவர்கள் போகாமல் இருப்பது நல்லது.

கொடி நடுபவர்கள் யார்?

சிவப்பு மஞ்சள் உடையில் இருப்பவர்கள் லைஃப்சேவர்கள், சம்பளம் வாங்காத தன்னார்வலர்கள். பெரும்பாலும் வார இறுதியிலும் விடுமுறை நாட்களிலும் ரோந்து பார்ப்பார்கள். வார நாட்களில் பல கடற்கரைகளில் நகரசபை சம்பளம் கொடுத்து அமர்த்தும் லைஃப்கார்டுகள் இருப்பார்கள். போண்டாயில் நீல உடையில் ஆண்டு முழுவதும் அவர்களைப் பார்க்கலாம். பல் மருத்துவர், பள்ளி ஆசிரியை, கல்லூரி மாணவன் என்று யார் யாரோ தங்கள் ஞாயிற்றுக்கிழமையை விட்டுக்கொடுத்து, முன்பின் தெரியாத நம் குடும்பத்தைப் பார்த்துக்கொண்டு வெயிலில் நிற்கிறார்கள். நாடு முழுவதும் இப்படி 300க்கும் மேற்பட்ட கிளப்புகள். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனசு நெகிழும்.

இதற்கு ஒரு பழைய கதை உண்டு. பகலில் கடலில் குளிப்பதே ஒரு காலத்தில் சிட்னியில் சட்டப்படி குற்றம். மேன்லியில் பத்திரிகை நடத்திய வில்லியம் கோச்சர் 1902இல் முன்கூட்டியே அறிவித்துவிட்டு நண்பகலில் கடலில் இறங்கினார். அடுத்த ஆண்டு மேன்லி நகரசபை தடையைத் தளர்த்தியது. மக்கள் கூட்டமாக இறங்கினார்கள், நீந்தத் தெரியாதவர்கள் மூழ்கவும் தொடங்கினார்கள். அதன் பிறகுதான் கரையோர ஊர்களில் தன்னார்வக் கிளப்புகள் முளைத்தன. 1907இல் அவை ஒரு சங்கமாகச் சேர்ந்தன, இன்றைய சர்ஃப் லைஃப் சேவிங் ஆஸ்திரேலியாவின் தொடக்கம் அதுதான். அதே 1907 ஜனவரியில் போண்டாயில் கடல் கொண்டுபோன 9 வயதுச் சிறுவன் ஒருவனைக் காப்பாற்றினார்கள். அவன்தான் 1928இல் பசிபிக் பெருங்கடலை விமானத்தில் கடந்த சார்லஸ் கிங்ஸ்ஃபோர்டு ஸ்மித். நாம் வந்து இறங்கும் சிட்னி விமான நிலையத்துக்கு அவர் பெயர்தான்.

1938 பிப்ரவரி 6, ஞாயிறு. போண்டாயில் மணல் திட்டின் மேல் நூற்றுக்கணக்கானவர்கள் இடுப்பளவுத் தண்ணீரில் நின்றிருந்தபோது பெரிய அலைகள் அடுத்தடுத்து வந்து, திரும்பி ஓடிய தண்ணீர் அவர்களை ஆழத்துக்குக் கொண்டுபோனது. சுமார் 250 பேர். அந்த நேரம் வழக்கத்தைவிட அதிகமான லைஃப்சேவர்கள் கரையில் இருந்தார்கள். ஐந்து பேரைத் தவிர எல்லோரையும் மீட்டார்கள். ‘கறுப்பு ஞாயிறு’ என்று இன்றும் நினைவுகூர்கிறார்கள். நின்றுகொண்டிருந்தவர்களுக்கே இப்படி ஆனது என்பதைக் கவனியுங்கள். நான் நீந்தப்போவதில்லை, சும்மா நிற்கப்போகிறேன் என்பது பாதுகாப்பு ஆகாது.

லைஃப்சேவர் ஆக ப்ரான்ஸ் மெடாலியன் (வெண்கலப் பதக்கம்) என்ற தகுதி வேண்டும். 400 மீட்டரை 9 நிமிடத்துக்குள் நீந்த வேண்டும். 200 மீட்டர் ஓட்டம், 200 மீட்டர் கடல் நீச்சல், மறுபடியும் 200 மீட்டர் ஓட்டம், மூன்றும் 8 நிமிடத்துக்குள். முதலுதவி, மூச்சு நின்றவருக்குச் செய்யும் இதய அழுத்த சிகிச்சை எல்லாம் அதில் அடக்கம். பெண்களுக்கு முழு ரோந்து உறுப்பினர் உரிமை 1980இல்தான் கிடைத்தது.

கொடி இறங்கிய பிறகு

நம்மவர்கள் கவனிக்கத் தவறும் நேரம் இது. கோடையில் சிட்னியில் இரவு எட்டு மணிவரை வெளிச்சம் இருக்கும். ஆனால் ரோந்து பெரும்பாலான இடங்களில் மாலை ஐந்து ஆறு மணிக்கே முடிந்துவிடும். வேலை முடித்து, சாப்பாடு கட்டிக்கொண்டு, வெயில் தாழ்ந்ததும் போகலாம் என்று கிளம்பும் குடும்பம் சரியாகக் கொடி இறங்கிய பிறகு போய்ச் சேரும். கரையில் நூறு பேர் இருப்பார்கள், தண்ணீரைப் பார்ப்பவர் ஒருவரும் இருக்க மாட்டார். அப்போது மணலோடு நிறுத்திக்கொள்ளுங்கள். நியூ சவுத் வேல்ஸில் தன்னார்வ ரோந்துப் பருவம் செப்டம்பர் கடைசியில் தொடங்கி, போரில் இறந்தவர்களை நினைவுகூரும் அன்சாக் தினத்தை (ஏப்ரல் 25) ஒட்டி முடியும். குளிர்காலத்தில் ஒருசில கடற்கரைகளில் மட்டுமே ஆள் இருப்பார்கள்.

அழகான கடற்கரை எல்லாவற்றிலும் ரோந்து கிடையாது என்பதும் நினைவில் இருக்கட்டும். காரில் போகும் வழியில் பலகை பார்த்துத் திரும்பி இறங்கும் கடற்கரைகள் பெரும்பாலும் அப்படிப்பட்டவை. விக்டோரியா மாநிலத்தின் பிலிப் தீவில் பாரஸ்ட் கேவ்ஸ் என்ற இடம், ரோந்து இல்லாத கடற்கரை. 2024 ஜனவரி 24 அன்று இந்தியக் குடும்பம் ஒன்றைச் சேர்ந்த நால்வர் அங்கே மூழ்கி இறந்தார்கள். எங்கே, எத்தனை மணி வரை ரோந்து இருக்கிறது என்று பீச்சேஃப் என்ற செயலியிலும் தளத்திலும் பார்த்துவிட்டுக் கிளம்பலாம், கட்டணம் இல்லை. கடற்கரை ஒவ்வொன்றுக்கும் ஆபத்தின் அளவும் போட்டிருப்பார்கள்.

அப்புறம் உடை. புடவை, சுடிதார், ஜீன்ஸ் எல்லாம் தண்ணீர் குடித்தால் பாரம் கூடும், காலைச் சுற்றிக்கொள்ளும். உடம்பு மூடியிருக்க வேண்டும் என்பவர்களுக்கு முழுக்கை நீச்சல் சட்டையும் கணுக்கால் வரை நீச்சல் கால்சட்டையும் எல்லா விளையாட்டுப் பொருள் கடைகளிலும் கிடைக்கின்றன. 2007இல் மெக்கா லாலா என்ற முஸ்லிம் பெண் சிவப்பு மஞ்சள் நிறத்தில் தைத்த புர்கினி அணிந்து சிட்னியில் லைஃப்சேவர் ஆனார். எந்த உடை மரபுக்காரர்களுக்கும் இங்கே வழி இருக்கிறது.

சிறு குழந்தைகள் எப்போதும் கை எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். முழங்கால் ஆழம்தானே என்று போனைப் பார்க்க உட்கார்ந்துவிடாதீர்கள். அலை ஒன்று வந்தால் முழங்கால் ஆழம் அவர்களுக்குக் கழுத்தளவு. கரையிலேயே மடேர் என்று உடைகிற அலை பெரியவர்களையும் தலைகுப்புறத் தள்ளிக் கழுத்தை முறிக்கும், அதற்கு முதுகைக் காட்டி நின்று படம் எடுக்கக் கூடாது. ப்ளூபாட்டில் எனப்படும், ஜெல்லிமீன் போன்ற நீலநிற உயிரி கொட்டினால் தாங்கக்கூடிய சூட்டில் வெந்நீரை 20 நிமிடம் விடுங்கள், வலி தணியும்.

இன்னொருவர் மூழ்கும்போது

இதுதான் மனசுக்கு மிகக் கடினமான பகுதி. நம் பிள்ளையோ நண்பனோ தண்ணீரில் தத்தளிக்கும்போது யாரும் யோசிக்க மாட்டார்கள், பாய்ந்துவிடுவார்கள். ஒருவர் பின் ஒருவராகக் காப்பாற்றப் போனவர்கள் இறந்த செய்திகளை அடிக்கடி படிக்கிறோம். சென்னை பெசன்ட் நகர் எலியட்ஸ் கடற்கரையில் நிற்கும் அந்த வெள்ளை நினைவுச்சின்னம் ஷ்மிட் என்ற டென்மார்க்காரருக்காகக் கட்டியது. 1930 டிசம்பரில் அங்கே மூழ்கிக்கொண்டிருந்தவர்களைக் காப்பாற்றப் போய் உயிர்விட்டவர் அவர்.

மூழ்குபவர் கிடைத்ததைப் பிடித்து மேலே ஏறப் பார்ப்பார், அது அவர் குற்றம் அல்ல. அதனால் வெறும் கையோடு போகக் கூடாது. லைஃப்சேவர்கள் இருந்தால் ஓடிப்போய்ச் சொல்லுங்கள். இல்லையென்றால் 000 எண்ணை அழையுங்கள், ஆங்கிலம் தடுமாறினால் தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேட்கலாம். பக்கத்தில் அலைப்பலகை வைத்திருப்பவரைக் கூப்பிடுங்கள். சில கடற்கரைகளில் கம்பத்தில் மிதவை வளையம் மாட்டியிருக்கும். ஒன்றுமே இல்லாவிட்டால் ஐஸ்பெட்டி, மூடிய காலிக் கேன், பந்து எதையாவது அவர் கைக்கு எட்டும்படி வீசுங்கள். ஒருவர் கரையில் நின்று மூழ்குபவரை விரல் நீட்டிக் காட்டிக்கொண்டே இருக்க வேண்டும், அலைகளுக்கு நடுவே ஒரு தலையைக் கண் தவறவிட்டால் மறுபடியும் பிடிப்பது சிரமம்.

கடற்கரைக்குப் போனதும் செய்ய வேண்டிய எளிய காரியம் ஒன்று உண்டு. கொடிப் பக்கம் நிற்கும் லைஃப்சேவரிடம் நேராகப் போய், “எங்களுக்கு நீச்சல் தெரியாது, இன்றைக்கு எந்த இடம் நல்லது?” என்று கேளுங்கள். உடைந்த ஆங்கிலம் போதும், கையைக் காட்டிக் கேட்டாலும் போதும். அவர்கள் விரும்பிப் பதில் சொல்வார்கள், அதன் பிறகு உங்கள் குடும்பத்தின் மேல் இன்னும் கொஞ்சம் கண் வைத்திருப்பார்கள். பிள்ளைகள் இங்கேயே வளரப்போகிறார்கள் என்றால் கிளப்புகள் நடத்தும் நிப்பர்ஸ் வகுப்பில் சேருங்கள். 5 வயதிலிருந்து 13 வயது வரை, பெரும்பாலும் ஞாயிறு காலையில் நடக்கும். ரிப் எது, கொடி எது, எப்படி மிதப்பது என்று விளையாட்டாகவே படித்துவிடுவார்கள். பருவம் தொடங்கும் முன்பே, குளிர்காலம் முடியும்போதே பெயர் கொடுத்துவிடுவது நல்லது.